காய்ச்சல்: உடம்பு ஏன் தன்னையே சூடாக்கிக்கொள்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் பயிற்சி மாணவிகளுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பில் வரும் கேள்விகள் ஒரு பக்கம். இரவு 11 மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களின் கேள்விகள் இன்னொரு பக்கம். இரண்டும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, எதுவரை விடலாம், எப்போது ஓட வேண்டும்? அப்படி வந்த கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

காய்ச்சல் என்பது கிருமி போடும் சூடுதானே?

இல்லை. கிருமிக்கு உங்கள் உடம்பைச் சூடாக்கும் சக்தி கிடையாது. சூடாக்குவது உங்கள் உடம்பேதான். அதுவும் தெரிந்தே, மூளையின் உத்தரவின்படி.

வகுப்பில் இதற்கு நான் இஸ்திரிப் பெட்டியைச் சொல்வேன். பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. பட்டுக்கு வைத்திருந்த திருகைப் பருத்திக்குத் திருப்புகிறீர்கள். அந்த நொடியில் பெட்டி இன்னும் சூடாகவில்லை, ஆனால் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். புதிய அளவை எட்டும்வரை அது சூடேறிக்கொண்டே இருக்கும், எட்டியதும் விளக்கு அணையும். நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஒரு பாதாம் பருப்பு அளவுதான். அதற்குள்ளே இப்படி ஒரு திருகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உடம்பில் அது ஏறத்தாழ 98 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கிறது. காய்ச்சலின்போது அதை 102க்கோ 103க்கோ உடம்பே திருப்பி வைக்கிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம், குளிர், நடுக்கம், கொதிப்பு, வியர்வை எல்லாமே, இந்தத் திருகைப் பின்தொடர்ந்து நடப்பவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் முக்கால்வாசிப் பதில்களை நீங்களே சொல்லிவிடலாம்.

அந்தத் திருகைத் திருப்புவது யார்?

கிருமி உள்ளே நுழைந்ததும் அதை முதலில் எதிர்கொள்பவை நம் வெள்ளையணுக்கள். சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் பொருட்களை அவை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கண்டதும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். போன்ற புரதங்களை ரத்தத்தில் விடும். சைட்டோகைன்கள் என்று இவற்றுக்குப் பொதுப்பெயர். ஊர் எல்லையில் ஆபத்து என்று தலைமையிடத்துக்கு அனுப்பும் ஓலை மாதிரி.

ஓலை நேராக மூளைக்குள் போய்விட முடியாது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் எதையும் எளிதில் உள்ளே விடாது. அந்தச் சுவரில் இருக்கும் செல்களே செய்தியை வாங்கிக்கொண்டு, காக்ஸ்-2 என்ற நொதியின் உதவியால் புரோஸ்டாகிளாண்டின் இ-2 என்ற சிறிய கொழுப்புப் பொருளைத் தயாரிக்கின்றன. இது ஹைப்போதலாமஸின் முன்பகுதிக்குக் கசிகிறது. அங்கே சில நரம்பணுக்கள் எப்போதும் ஒரு கடிவாளத்தைப் பிடித்தபடி இருக்கின்றன. வெப்பத்தை அளவுக்கு மேல் உற்பத்தி செய்யாதே என்று உடம்பை இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் அது. புரோஸ்டாகிளாண்டின் வந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. பிடி தளர்ந்ததும் வெப்ப உற்பத்தி தொடங்குகிறது.

இது புரிய ரொம்ப நாள் ஆனது. கிருமியின் விஷமே சூடாக்குகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1948இல் பால் பீசன் என்ற அமெரிக்க மருத்துவர் முயல்களின் வெள்ளையணுக்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதுவே காய்ச்சலை உண்டாக்குவதைக் காட்டினார். நம் சொந்தச் செல்லே காய்ச்சல் பொருளைத் தயாரிக்கிறது என்பது அன்று பெரிய செய்தி. 1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கும் புரோஸ்டாகிளாண்டினை ஆராய்ந்த இரண்டு ஸ்வீடன் விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் 1899இலிருந்தே விற்பனையில் இருந்தது. எழுபது வருடத்துக்கு மேல், அது எப்படிக் காய்ச்சலைக் குறைக்கிறது என்று தெரியாமலேயே உலகம் அதை விழுங்கிக்கொண்டிருந்தது.

உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, ஆனால் குளிருது குளிருது என்கிறான். கை கால் ஜில்லென்று இருக்கிறது. ஏன்?

திருகு 103க்குப் போய்விட்டது, உடம்பு இன்னும் 99இல் இருக்கிறது. மூளையின் கணக்கில் இப்போது நான்கு டிகிரி பற்றாக்குறை. மார்கழிப் பனியில் சட்டையில்லாமல் நிற்பவருக்கு என்னென்ன நடக்குமோ அத்தனையும் இப்போது நடக்கும்.

முதலில், வெளியே போகும் வெப்பத்தை உடம்பு அடைக்கும். தோலுக்கு, முக்கியமாகக் கை கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். சூடான ரத்தம் முழுக்க உள்ளே, நெஞ்சிலும் வயிற்றிலும் தலையிலும் தங்கிவிடும். அதனால்தான் நெற்றியும் வயிறும் சுட, பாதம் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கிறது. கை கால் ஜில்லிட்டுவிட்டதே என்று பதறும் பெற்றோருக்கு நான் சொல்வது: குழந்தை முகம் பார்த்துப் பேசுகிறது, நடுங்குகிறது, உடம்பு சுடுகிறது என்றால் காய்ச்சல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றே பொருள். காய்ச்சல் ஏறி முடிந்த பிறகும் கை கால் ஜில்லென்றே இருந்து, குழந்தை துவண்டு கிடந்தால் அது வேறு கதை. அப்போது காத்திருக்கக் கூடாது.

அடைத்தது போதவில்லை என்றால் அடுத்தது உற்பத்தி. தசைகள் வேகவேகமாகச் சுருங்கி விரியும். அதுதான் நடுக்கம். பல் கிட்டிக்கும் அளவுக்கு நடுங்கும்போது உடம்பின் வெப்ப உற்பத்தி சாதாரண நேரத்தைவிடப் பல மடங்கு கூடும். பச்சைக் குழந்தைகளுக்குச் சரியாக நடுங்கத் தெரியாது. அவர்களுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒரு விசேஷக் கொழுப்பு இருக்கிறது. அதை எரித்துச் சூடேற்றிக்கொள்வார்கள்.

மூன்றாவது வழி நீங்களே செய்வது. போர்வையைத் தேடுகிறீர்கள், மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறீர்கள், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுக்கிறீர்கள். அதுவும் அதே திருகின் வேலைதான்.

வேர்த்தால் காய்ச்சல் விட்டுவிடும் என்று பாட்டி நன்றாகப் போர்த்திவிடுகிறாரே?

பாட்டி பார்த்தது சரி, ஆனால் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. வேர்ப்பதால் காய்ச்சல் விடுவதில்லை. திருகு கீழே இறங்குவதால்தான் வேர்க்கிறது. புரோஸ்டாகிளாண்டின் குறைந்து திருகு 98க்குத் திரும்பும்போது உடம்பு இன்னும் 102இல் இருக்கும். இப்போது கணக்கு தலைகீழ்: நான்கு டிகிரி அதிகம். உடனே தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், முகம் சிவக்கும், வியர்வை கொட்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அந்த நேரத்தில் கம்பளியைப் போட்டு மூடினால் ஆவியாக வழியில்லை. குளிர்கிறது என்று கேட்கும்போது ஒரு போர்வை கொடுங்கள், வேர்க்க ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். நோயாளியே சொல்வார், அவர் பேச்சைக் கேட்டால் போதும்.

இந்த மூன்று கட்டத்தையும் கடிகாரம் வைத்துப் பார்க்கக்கூடிய நோய் மலேரியா. ஒரு கட்டம் குளிர், ஒரு கட்டம் கொதிப்பு, அப்புறம் தெப்பலாக நனைக்கும் வியர்வை. சில வகைகளில் 48 மணிக்கு ஒரு தடவை, ஒரு வகையில் 72 மணிக்கு ஒரு தடவை. முறைக்காய்ச்சல் என்று நம் ஊரில் பெயர் வைத்தது இந்த ஒழுங்கைக் கவனித்துத்தான். அந்த ஒழுங்குக்குக் காரணம் என்ன என்று 1880களில் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி கண்டார். ஒட்டுண்ணிகள் சிவப்பணுக்களுக்குள் வளர்ந்து, எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அந்த நேரத்தில்தான் திருகு ஏறுகிறது.

98.6ஐத் தாண்டினாலே காய்ச்சலா?

அந்த 98.6 எப்படி வந்தது தெரியுமா? ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் வுண்டர்லிச், சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து எடுத்த அளவுகளிலிருந்து 1868இல் எழுதியது. 37 டிகிரி செல்சியஸ் என்றார், அதுதான் ஃபாரன்ஹீட்டில் 98.6. பொறுமையான மனிதர். அவர் காலத்து வெப்பமானி கையளவு நீளத்தைவிடப் பெரியது, அளவு காட்ட நெடுநேரம் பிடிக்கும். ஆறு அங்குலத்தில், ஐந்து நிமிடத்தில் அளவு காட்டும் கருவியை இங்கிலாந்தின் கிளிஃபோர்ட் ஆல்பட் 1860களில்தான் கொண்டுவந்தார்.

1992இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான பெரியவர்களை அளந்து பார்த்தபோது சராசரி 98.2தான் வந்தது. அதைவிட முக்கியம், ஒரே ஆளுக்குள்ளேயே ஒரு நாளில் இது ஏறி இறங்குகிறது. விடியற்காலையில் மிகக் குறைவு, மாலை நான்கு முதல் ஆறு மணிக்குள் உச்சம். இடையே ஏறத்தாழ ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம். பெண்களுக்குக் கருமுட்டை வெளியான பிறகு மாதவிடாய் வரும்வரை அரை டிகிரிக்கு மேல் கூடுதலாகவே இருக்கும். ஓடியாடி விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கு 99.5 காட்டினால் அது காய்ச்சல் கிடையாது.

பொதுவாக 100.4, அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கணக்கு. அக்குளில் வைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். அதனால் அக்குள் அளவு 99.5ஐத் தாண்டினாலே கவனத்தில் வையுங்கள். சூடான காபி குடித்தவுடன் வாயில் வைக்காதீர்கள்.

தெர்மாமீட்டரில் ஒன்றுமில்லை, ஆனால் உள்காய்ச்சல் அடிக்கிறது என்கிறாரே?

இந்தக் கேள்வியை மருத்துவமனையில் கேட்டால் பெரும்பாலும் அப்படி எல்லாம் கிடையாது என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உள்காய்ச்சல் என்ற சொல் ஒரு உண்மையான அனுபவத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்.

சைட்டோகைன்கள் திருகைத் திருப்புவதோடு நிற்பதில்லை. பசியை அடைக்கும், தூக்கத்தைக் கூட்டும், மூட்டையும் தசையையும் வலிக்கச் செய்யும், யாரோடும் பேசப் பிடிக்காமல் ஒதுங்க வைக்கும். உடம்பை ஓய்வில் தள்ளும் ஏற்பாடு இது. வெப்பம் ஏறும் முன்பே இதெல்லாம் தொடங்கிவிடலாம். வெப்பம் ஏறத் தொடங்கும் கட்டத்திலும் தோல் குளிர்ந்தே இருப்பதால் தொட்டுப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு மதியம் அளந்தாலும் இதே நிலைதான்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். தினமும் சாயங்காலம் லேசாகக் காய்கிறது, இரவில் வேர்க்கிறது, எடை குறைகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அதை உள்காய்ச்சல் என்று கசாயம் குடித்து ஒத்திப்போடாதீர்கள். காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனால் மூளை கெட்டுவிடுமா?

தொற்றால் வரும் காய்ச்சல் தானாகவே ஏறிக்கொண்டே போவதில்லை. அது கட்டுப்பாட்டை இழந்த நெருப்பாக இருந்தால்தான் அப்படிப் போகும். இங்கே திருகு 103இல் நின்றால் உடம்பும் 103இல் நின்றுவிடும். மேலும் ஏறினால் இறக்குவதற்கு வாசோபிரெசின் என்ற ஹார்மோன் போன்ற பொருட்களை உடம்பே வைத்திருக்கிறது. அதனால் தொற்றுக் காய்ச்சல் 106 டிகிரியை, அதாவது 41 செல்சியஸைத் தாண்டுவது அபூர்வம். 103 காட்டினாலே மூளையைப் பாதிக்கும் என்ற பயம் தேவையில்லை. மூளைக்காய்ச்சலில் மூளை பாதிக்கப்படுகிறதே என்று கேட்பார்கள். அங்கே பாதிப்பது மூளைக்குள் போன கிருமியும் அதனால் வரும் அழற்சியும்.

வெயில் தாக்குவதைத்தான் இதோடு குழப்பக்கூடாது. கத்திரி வெயிலில் சாலைப் பணியில் இருந்தவர், செங்கல் சூளையில் நின்றவர் மயங்கி விழுகிறார், உடம்பு 104க்கு மேல், உளறுகிறார் என்றால் அது காய்ச்சலே இல்லை. அவருடைய திருகு 98இல்தான் இருக்கிறது. வெளியே தள்ள முடியாமல் வெப்பம் உள்ளே சேர்ந்துவிட்டது. இதற்கு மேல்வரம்பு கிடையாது, மூளையும் ஈரலும் சிறுநீரகமும் கெடும். பாராசிட்டமால் இதில் ஒரு துளியும் உதவாது. நிழலுக்குக் கொண்டுவந்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108க்குக் கூப்பிடுங்கள். குளிரவைப்பதை ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு உடம்பு ஏன் சூடேற்ற வேண்டும்? என்ன லாபம்?

எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. பாலைவன இகுவானா என்று ஒரு பல்லி இனம். பல்லி வெப்ப உற்பத்தி செய்யாது, வெயிலுக்குப் போய்ச் சூடேற்றிக்கொள்ளும், நிழலுக்கு வந்து ஆறும். 1970களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளூகர் குழுவினர் இந்தப் பல்லிகளுக்குப் பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். நோயுற்ற பல்லிகள் தாமாகவே அதிகச் சூடான இடத்தைத் தேடிப்போய், வழக்கத்தைவிட இரண்டு டிகிரி செல்சியஸ் கூடுதலாக வைத்துக்கொண்டன. நடுங்கத் தெரியாத உயிரும் காய்ச்சலை உண்டாக்கிக்கொள்கிறது! பிறகு சிலவற்றைக் குளிர்ந்த பெட்டியிலும் சிலவற்றைச் சூடான பெட்டியிலும் அடைத்து வைத்தார்கள். 34 டிகிரி செல்சியஸில் இருந்தவை மடிந்தன. 40, 42இல் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன.

நம் உடம்பிலும் காரணங்கள் தெரியும். சளி பிடிக்கவைக்கும் ரைனோவைரஸ் மூக்கின் குளிர்ச்சியில், 33 டிகிரி செல்சியஸ் அளவில்தான் நன்றாகப் பெருகும். சூடு கூடினால் அதற்குக் கஷ்டம். வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து திசுக்களுக்குப் போவதும் இந்த வெப்பத்தில் விரைவாக நடக்கிறது. பாக்டீரியா வளர இரும்புச்சத்து வேண்டும். அதே நேரத்தில் உடம்பு ரத்தத்தில் இருக்கும் இரும்பை ஒளித்து வைத்துவிடும்.

காய்ச்சலையே மருந்தாகக் கொடுத்த காலமும் உண்டு. 1917இல் வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யௌரெக், மூளையைத் தாக்கிய மேகநோய்க்கு (சிபிலிஸ்) நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றினார். அந்தக் கடுங்காய்ச்சலில் பலருக்கு நோய் தணிந்தது, சிலர் மலேரியாவால் இறந்தும் போனார்கள். 1927இல் நோபல் பரிசு. பெனிசிலின் வந்ததும் அந்த முறை முடிந்தது. அந்த நோயாளிகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

லாபத்துக்கு விலையும் உண்டு. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடம்பின் எரிபொருள் செலவு பத்து முதல் பதின்மூன்று சதவீதம் கூடும். இதயம் வேகமாக அடிக்கும். இளைஞருக்கு அது தாங்கும். இதய நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாதா?

கொடுக்கலாம். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் என் கவலை. தெர்மாமீட்டரில் எண்ணைக் குறைக்கக் கொடுக்காதீர்கள். குழந்தை வலியில் அழுகிறது, தண்ணீர் குடிக்க மறுக்கிறது, தூங்க முடியவில்லை என்றால் கொடுங்கள். 101 இருந்தும் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எதற்கு மருந்து?

காய்ச்சலைக் குறைத்தால் நோய் நீளுமா என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. அம்மை போட்ட குழந்தைகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், பாராசிட்டமால் கொடுத்தவர்களுக்குக் கொப்புளங்கள் முழுக்கப் பொருக்குக் கட்ட ஏறத்தாழ ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. 2015இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 700 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலோ, கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, கொடுத்தால் குற்றமில்லை, கொடுக்காவிட்டாலும் குற்றமில்லை.

பாராசிட்டமால் மூளையில் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துத் திருகை இறக்குகிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேர்க்கும், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மருந்தின் வேகம் தீரும். கிருமி உள்ளே இருந்தால் திருகு மறுபடி ஏறும். மருந்து வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஊசி போட்டால்தான் விடும் என்று கேட்டு வாங்கிப் போடுவதும், மீந்த ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுப்பதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வைரஸ் காய்ச்சலில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே இல்லை.

அளவு: குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 150. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: ஐந்து மில்லியில் 125 இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. போன தடவை ஒரு மூடி கொடுத்தோமே என்று இந்தத் தடவையும் கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் நான்கு கிராம் எல்லை. சளி மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஈரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் பெரியவர்களும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் பக்கம் போகக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஈரத்துணி போடலாமா?

திருகு மேலே இருக்கும்போது தோலைக் குளிர்வித்தால் உடம்பு என்ன செய்யும்? இன்னும் நடுங்கி இன்னும் சூடேற்றும். ஐஸ் தண்ணீர் வைத்துக் குழந்தையை அழவிடுவதில் பயன் இல்லை. துடைத்தே ஆக வேண்டும் என்றால் மருந்து கொடுத்து அரை மணி கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் துடையுங்கள். நடுங்கினால் நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிட் தடவுவது ஆபத்து, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும்.

காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டால்?

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடத்தில் தானே நின்றுவிடும். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை. கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்க வேண்டாம். வாயில் கரண்டியும் வேண்டாம், விரலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனை. நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி பாராசிட்டமால் கொடுத்தால் வலிப்பு வராமல் தடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. அதனால், மருந்து கொடுக்கத் தவறிவிட்டேனே என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இனி பயமில்லையே?

பெரும்பாலான காய்ச்சல்களில் ஆமாம். டெங்குவில் இல்லை. இதைத் தெரியாமல் இழந்த உயிர்களை நினைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

டெங்குவில் முதல் சில நாள் கடுங்காய்ச்சல். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அபாயக் கட்டம் சரியாக அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் சிலருக்கு ரத்தக்குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். கொசு பரப்பிய வைரஸின் அளவு அப்போது குறைந்திருக்கும், கசிவை உண்டாக்குவது உடம்பின் எதிர்வினை. திருகு 98க்கு வந்துவிட்டது என்பது இந்தக் கசிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதனால் காய்ச்சல் விட்ட நாளில்தான் அதிகக் கவனம்: விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை துவண்டு கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது. இதில் ஒன்று இருந்தாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனை. நிலவேம்பு குடிநீர் குடிப்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சலில் பட்டினி போடணுமா? சோறு கொடுக்கலாமா?

பசி எடுக்காதது சைட்டோகைன்களின் வேலை. வாய்க்கசப்பும் அதோடு வருவதுதான். ஓரிரு நாள் சாப்பாடு குறைந்தால் ஒன்றும் ஆகாது, வற்புறுத்தித் திணிக்க வேண்டாம். ஆனால் பத்தியம் என்று கேட்டும் கொடுக்காமல் இருப்பது தப்பு. செலவு கூடிய உடம்புக்கு வரவையும் நிறுத்துவது நியாயமில்லை. கஞ்சி, இட்லி, ரசம் சாதம், எது இறங்குகிறதோ அது. தண்ணீர் மட்டும் விடக்கூடாது. கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் எல்லாம் நல்லது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் வேளையைக் கூட்டுங்கள்.

கிருமி இல்லாமலும் காய்ச்சல் வருமா?

வரும். சைட்டோகைன் எதனால் வெளியானாலும் திருகு ஏறும். மூட்டுவாத நோய்கள், எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ், நிணநீர்ப் புற்று, சில மருந்துகள் எல்லாம் காரணமாகலாம். 101க்கு மேல் மூன்று வாரம் தாண்டியும் காரணம் பிடிபடாத காய்ச்சலுக்கு 1961இலேயே ஒரு வரையறை எழுதினார்கள். எழுதிய இருவரில் ஒருவர் மேலே சொன்ன அதே பால் பீசன். தடுப்பூசிக் காய்ச்சலும் இப்படித்தான்: ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் போடும் ஐந்துநோய்த் தடுப்பூசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ந்தால், குழந்தையின் உடம்பு பாடம் படிக்கிறது என்று அர்த்தம். பல் முளைப்பதால் 102 வராது. அப்படி வந்தால் வேறு காரணம் தேடுங்கள்.

எண் குறைவாக இருந்தாலும் பயப்பட வேண்டியவர்கள் யார்?

மூன்று மாதம் நிறையாத குழந்தை. 100.4 காட்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவ்வளவு சின்ன உடம்பில் ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் வெளியே தெரிவது அந்த எண் மட்டுமாக இருக்கலாம். அடுத்து, வயதானவர்கள். அவர்களுடைய திருகு சரியாகத் திரும்பாது. நிமோனியா முற்றியும் 99தான் காட்டும், சில சமயம் 96க்கு இறங்கியும் இருக்கும். தாத்தா நேற்றிலிருந்து பேச்சு மாறிப் பேசுகிறார், சாப்பிடவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் காய்ச்சல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

மற்ற எல்லோருக்கும், எந்த எண்ணாக இருந்தாலும், கழுத்தை வளைக்க முடியாத தலைவலி, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள், மூச்சுத்திணறல், எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தால் தாமதிக்க வேண்டாம். இவை எதுவும் இல்லாமல் மூன்று நாள் தாண்டினாலும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

ராத்திரி நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பி மருந்து கொடுக்கணுமா?

வேண்டாம். குழந்தை தூங்குகிறது என்றால் உடம்பு கேட்டது கிடைத்துவிட்டது. அலாரம் வைத்து எழுப்பி, அழ வைத்து, மருந்தைத் துப்ப வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். மூச்சு சீராக இருக்கிறதா என்று கேளுங்கள், நனைந்த சட்டையை மெல்ல மாற்றுங்கள். விழித்துத் தண்ணீர் கேட்டால் கொடுக்க ஒரு டம்ளர் தலைமாட்டில் இருக்கட்டும்.